மெம்ஃபிஸ் தோற்றது அந்த ஒரு ஷாட்டினால் அல்ல

நீளமான பதிவு. பொறுமை உள்ளவர்கள் படியுங்கள். பாஸ்கெட்பால் தெரியாதவர்களுக்கும் புரியும்படிதான் எழுதியிருக்கிறேன். பிள்ளைகளுக்கு எதையாவது சொல்லிக்கொடுக்கும் எல்லோருக்கும் இதில் பங்கு இருக்கிறது.

ஒவ்வொரு ஏப்ரலிலும் அமெரிக்கக் கல்லூரி பாஸ்கெட்பால் இறுதிப் போட்டி முடிந்ததும் பழைய வீடியோ ஒன்று சுற்றுக்கு வந்துவிடும். 2008 இறுதிப் போட்டி. கேன்சஸ் பல்கலைக்கழகமும் மெம்ஃபிஸ் பல்கலைக்கழகமும். 2.1 விநாடி மீதி இருக்கையில் மாரியோ சால்மர்ஸ் மூன்று புள்ளி ஷாட் போடுகிறார், ஆட்டம் சமன் ஆகிறது, அரங்கம் அலறுகிறது. மொத்தம் பத்து விநாடி வீடியோ. இந்த முறையும் வந்தது. கீழே நண்பர்கள் எழுதியதைப் பார்த்தேன். ‘விதி’ என்றார் ஒருவர். ‘கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை’ என்றார் இன்னொருவர். ‘பாவம், அந்தப் பசங்க பயந்துட்டாங்க’ என்றார் மூன்றாமவர்.

மூன்றையும் மறுக்கிறேன். விதியும் இல்லை, பயமும் இல்லை. அந்தத் தோல்வி பல மாதங்களாக எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி தயாராகிக்கொண்டிருந்தது. தயாரித்தவர்கள் பெரியவர்கள். பழி சுமந்தவர்கள் பிள்ளைகள்.

முதலில் நடந்தது என்ன என்று பார்ப்போம்.

2008 ஏப்ரல் 7. டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோ நகரில் அலமோடோம் அரங்கம். மெம்ஃபிஸ் அணி அந்த ஆண்டு 39 ஆட்டம் ஆடி 38 வென்று வந்திருந்தது. தோற்ற ஒரே ஆட்டம் டென்னசி அணியிடம், அதுவும் நான்கு புள்ளி வித்தியாசத்தில். ஜான் கலிபாரி கோச். டெரிக் ரோஸ் என்ற 19 வயதுப் பையனும் கிறிஸ் டக்ளஸ்-ராபர்ட்ஸ் என்ற 21 வயதுப் பையனும் அணியின் தூண்கள். எதிரே பில் செல்ஃப் பயிற்சி கொடுத்த கேன்சஸ். அவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை, மூன்றே தோல்விகளோடு வந்தவர்கள்.

ஆட்டம் முடிய 2 நிமிடம் 12 விநாடி இருக்கும்போது மெம்ஃபிஸ் 60, கேன்சஸ் 51. ஒன்பது புள்ளி முன்னிலை. பல்கலைக்கழக வரலாற்றில் முதல் கோப்பை கைக்கெட்டும் தூரத்தில். 1973-லும் இறுதிவரை வந்து, பில் வால்டன் 44 புள்ளி எடுத்த அன்று யூசிஎல்ஏ அணியிடம் தோற்றவர்கள் அவர்கள். 35 ஆண்டுக் காத்திருப்பு.

அதன் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். கேன்சஸின் டாரெல் ஆர்தர் கூடை போட்டார், 60-53. மெம்ஃபிஸ் பக்கவாட்டிலிருந்து உள்ளே வீசிய பந்தை ஷெரன் காலின்ஸ் பறித்தார், அதே காலின்ஸ் மூன்று புள்ளியும் போட்டார், 60-56. மெம்ஃபிஸுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. டக்ளஸ்-ராபர்ட்ஸ் இரண்டையும் போட்டார், 62-56. ஆர்தர் மறுபடி, 62-58. டக்ளஸ்-ராபர்ட்ஸுக்கு மறுபடி ஃப்ரீ த்ரோ. தவறியது. கேன்சஸின் சால்மர்ஸ் இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டார், 62-60. 16.8 விநாடி மீதி இருக்கும்போது டக்ளஸ்-ராபர்ட்ஸுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. இரண்டும் தவறின. நல்ல வேளையாக ராபர்ட் டோசியர் ரீபவுண்ட் எடுத்தார். 10.8 விநாடி இருக்கையில் ரோஸுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. முதலாவது தவறியது, இரண்டாவது விழுந்தது. 63-60.

எண்ணிப் பாருங்கள். கடைசி ஒன்றேகால் நிமிடத்தில் ஐந்து ஃப்ரீ த்ரோ, நான்கு தவறின. அதற்குப் பிறகுதான் நீங்கள் பகிரும் அந்தப் பத்து விநாடி வீடியோ ஆரம்பிக்கிறது. சால்மர்ஸ் 63-63 ஆக்கினார். கூடுதலாகக் கொடுத்த ஐந்து நிமிடத்தில் கேன்சஸ் 12, மெம்ஃபிஸ் 5. முடிவு 75-68.

இனி சாக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதல் சாக்கு: அது ஓர் அதிசயம், யாரும் எதுவும் செய்திருக்க முடியாது.

அமெரிக்காவிலும் அதற்கு ‘மாரியோவின் அதிசயம்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நன்றாகக் கவனியுங்கள். காலின்ஸ் பந்தை வேகமாகக் கொண்டுவந்து, கிட்டத்தட்ட தடுமாறி விழப்போய், சுற்றி வந்த சால்மர்ஸிடம் கொடுக்கிறார். பார்ப்பவர்களுக்குத் தற்செயல் போலத் தெரியும். ஆனால் அது கேன்சஸ் அணி பயிற்சியில் திரும்பத் திரும்ப ஓடிப் பழகிய ஆட்ட வடிவம். ‘சாப்’ என்று அதற்குப் பெயரும் உண்டு. மூன்று புள்ளி பின்தங்கி, சில விநாடிகள் மட்டும் இருந்தால் என்ன செய்வது என்பதற்காகவே வைத்திருந்தது. அப்படி ஒரு நாள் வரும் என்று அவர்கள் முன்கூட்டியே நினைத்துப் பார்த்திருக்கிறார்கள், வந்த அன்று செய்து காட்டினார்கள். பழகியவனுக்குக் கைகொடுத்த பழக்கத்தை அதிசயம் என்று சொல்வது பழகியவனுக்கு அவமரியாதை, பழகாதவனுக்கு ஆறுதல்.

இன்னும் ஒன்று. அந்தக் கணத்தில் மெம்ஃபிஸ் நான்கு புள்ளி முன்னால் இருந்திருந்தால்? 64-60. சால்மர்ஸின் அதே ஷாட் அதே அழகோடு விழுந்திருக்கும், மெம்ஃபிஸ் 64-63 என்று வென்றிருக்கும், இன்றைக்கு அந்த வீடியோவை யாரும் தேடிப் பார்க்க மாட்டார்கள். அதிசயத்துக்கும் தோல்விக்கும் நடுவே இருந்தது ஒரே ஒரு புள்ளி. தவறிய நான்கில் ஒன்று.

இரண்டாவது சாக்கு: மூன்று புள்ளி முன்னால் இருக்கும்போது ஃபவுல் செய்திருக்க வேண்டும்.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லும் சாக்கு இது. எதிராளி மூன்று புள்ளி ஷாட் போடுமுன்பே ஃபவுல் செய்துவிட்டால் அவனுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோதான், சமன் செய்ய முடியாது என்பது கணக்கு. சரியான கணக்கு. ஃபவுல் செய்யத்தான் நினைத்தோம் என்று கலிபாரியும் பிறகு சொன்னார். ரோஸ் காலின்ஸை நெருங்கவும் செய்தார். நடுவர் விசில் ஊதும் அளவுக்கு அது அமையவில்லை.

ஆனால் இது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வாதம். ஒன்பது புள்ளி முன்னிலை எப்படி மூன்றாகச் சுருங்கியது என்று கேட்காமல், மூன்றான பிறகு என்ன தந்திரம் செய்திருக்கலாம் என்று கேட்கிறோம். வருடம் முழுக்கப் பாடம் படிக்காதவன் பரீட்சை அன்று எந்தக் கேள்வியை முதலில் எழுதியிருக்கலாம் என்று விவாதிப்பதைப் போல.

நடுவர்கள் மேல் குறை சொல்பவர்களும் உண்டு. ரோஸ் போட்ட ஒரு ஷாட்டை முதலில் மூன்று புள்ளி என்று சொல்லி, வீடியோவைப் பார்த்த பிறகு இரண்டாகக் குறைத்தார்கள். குறைத்தது சரிதான், கால் கோட்டின் மேல் இருந்தது. ஜோயி டோர்ஸி ஐந்து ஃபவுலோடு வெளியே போனதும் பெரிய இழப்புத்தான், ரீபவுண்டுக்கு அவரைத்தான் நம்பியிருந்தார்கள். எல்லா ஆட்டத்திலும் இப்படி நடக்கும். இவற்றையெல்லாம் தாங்கிக்கொள்வதற்குத்தான் ஒன்பது புள்ளி முன்னிலை.

மூன்றாவது சாக்கு: பசங்க பயந்துவிட்டார்கள்.

இதுதான் எனக்குக் கோபம் வரவழைப்பது. நாற்பது நிமிட ஆட்டத்தை ஒன்பது புள்ளி முன்னிலைக்குக் கொண்டுவந்ததே இந்த இருவரும்தான். டக்ளஸ்-ராபர்ட்ஸ் அன்று 22 புள்ளி. ரோஸ் 18. அதே டக்ளஸ்-ராபர்ட்ஸ் சில விநாடிகளுக்கு முன்புதான் இரண்டு ஃப்ரீ த்ரோவைப் பிசகாமல் போட்டிருந்தார் என்பதை மறுபடி நினைவூட்டுகிறேன். பயந்தவன் அதைப் போட்டிருப்பானா?

கல்லூரிப் பிள்ளைகள் மேல் பழி போடுவது அங்கே பழைய வழக்கம். 1993 இறுதிப் போட்டியில் மிச்சிகன் அணியின் கிறிஸ் வெபர், இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தபோது, பதினோரு விநாடி மீதி இருக்கையில், அணிக்கு டைம்-அவுட் மிச்சம் இல்லாதபோது டைம்-அவுட் கேட்டுவிட்டார். டெக்னிக்கல் ஃபவுல். நார்த் கரோலினா 77-71 என்று வென்றது. அன்று அவருக்கு 20 வயது. அன்றும் அவர்தான் அணியில் அதிகப் புள்ளி எடுத்தவர்களில் ஒருவர். ஆனால் முப்பது ஆண்டு கடந்தும் அவர் பெயரைச் சொன்னதும் அந்தக் கை சைகைதான் நினைவுக்கு வருகிறது. மிச்சம் இல்லை என்பதை ஆடுகிறவன் தலையில் ஏற்றிவிட வேண்டியது பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களின் வேலை இல்லையா? அதை யாரும் கேட்பதில்லை.

சரி, மெம்ஃபிஸுக்கு வருகிறேன்.

ஃப்ரீ த்ரோ என்பது என்ன? கூடைக்கு முன்னால் பதினைந்து அடி தூரத்தில் ஒரு கோடு. தரையிலிருந்து பத்து அடி உயரத்தில் பதினெட்டு அங்குல வளையம். பந்தின் விட்டம் ஒன்பதரை அங்குலத்துக்குள். வளையத்தின் அகலத்தில் பாதியை விடச் சற்றே அதிகம். யாரும் கையை நீட்டித் தடுக்க மாட்டார்கள், ஓட வேண்டாம், குதிக்க வேண்டாம். எந்த மைதானத்திலும் தூரமும் உயரமும் மாறாது. வினாத்தாள் முன்கூட்டியே தெரிந்த பரீட்சை பாஸ்கெட்பாலில் இது ஒன்றுதான்.

அந்தப் பரீட்சையில் 2007-08 மெம்ஃபிஸ் அணி வாங்கிய மார்க் நூற்றுக்குச் சுமார் 61. அமெரிக்கக் கல்லூரிகளின் முதல் பிரிவில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட அணிகள் இருக்கின்றன. அவற்றின் பட்டியலில் மெம்ஃபிஸ் கடைசி வரிசையில். கல்லூரி அணிகளின் சராசரி ஐம்பது ஆண்டுக்கு மேலாக 69 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. நாட்டின் மிகச் சிறந்த அணி எனப் பேசப்பட்ட ஒன்று, மிக எளிய வேலையில் நாட்டின் மிக மோசமான அணிகளில் ஒன்று.

இது ரகசியமா? இல்லை. சீசன் முழுக்கப் பத்திரிகைக்காரர்கள் கேட்டார்கள். கோச்சும் வீரர்களும் சொன்ன பதிலின் சாரம் ஒன்றுதான்: வேண்டிய நேரத்தில் போட்டுவிடுவோம்.

வேண்டிய நேரத்தில் போட்டுவிடுவோம். இந்த வாக்கியத்தை நான் 34 வருடம் வகுப்பறையில் கேட்டிருக்கிறேன். நான் விளையாட்டு ஆசிரியர் இல்லை. ஆசிரியர் பயிற்சி பட்டயம் முடித்து இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்து வாய்ப்பாடும் சொல்வதெழுதுதலும் நடத்தியவன். ‘பரீட்சையில பாத்து எழுதிடுவான் சார்’ என்று சொல்லாத பெற்றோர் குறைவு. ஏழாம் வாய்ப்பாடு தடுமாறுகிற பிள்ளை பின்னக் கணக்கில் கெட்டிக்காரனாக இருப்பான். சூத்திரம் தெரியும், வழி தெரியும், எல்லாம் எழுதிவிட்டு ஏழெட்டு ஐம்பத்துநான்கு என்று போட்டு விடை தவறிவிடும். அவனைக் கேட்டால் ‘கவனக்குறைவு’ என்பான். கவனக்குறைவு இல்லை. பழக்கக்குறைவு. களைத்த நேரத்தில் புத்தி வேலை செய்யாது, பழக்கம்தான் வேலை செய்யும். பழக்கம் ஆட்டம் கண்டால் புத்தி வந்து தாங்கிப் பிடிக்காது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒன்பதாம் வகுப்பு நிகழ்தகவு போதும். ரோஸும் டக்ளஸ்-ராபர்ட்ஸும் அந்த அணியில் நன்றாகவே போடுபவர்கள், பத்துக்கு ஏழு என்று வைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கு எழுபது என்றால் நம் ஊரில் நல்ல மார்க். ஆனால் இரண்டு பந்தையும் அடுத்தடுத்துப் போடும் வாய்ப்பு என்ன? 0.7-ஐ 0.7-ஆல் பெருக்குங்கள். 49 சதவீதம். பாதிகூட இல்லை. அணியின் சராசரிக்காரர், பத்துக்கு ஆறு என்றால் 36 சதவீதம். பத்துக்கு ஒன்பது போடுபவர் என்றால் 81 சதவீதம். இரண்டையும் தவறவிடும் வாய்ப்பைப் பாருங்கள்: பத்துக்கு ஏழு போடுபவருக்கு நூற்றில் ஒன்பது முறை, பத்துக்கு ஒன்பது போடுபவருக்கு நூற்றில் ஒரே முறை.

இன்னொரு விதியும் உண்டு. கல்லூரி ஆட்டத்தில் அன்று ஒரு பாதியில் எதிரணி ஏழு ஃபவுல் செய்துவிட்டால் உங்களுக்கு ஃப்ரீ த்ரோ, ஆனால் முதலாவது விழுந்தால்தான் இரண்டாவது கிடைக்கும். டக்ளஸ்-ராபர்ட்ஸ் ஒன்றேகால் நிமிடம் இருக்கும்போது தவறவிட்டது அப்படிப்பட்ட முதல் பந்து. ஒன்று தவறினால் இரண்டு புள்ளி போச்சு. எழுபது மார்க் அணிகளைத் தண்டிப்பதற்கென்றே எழுதியது போல ஒரு விதி. அதைத் தெரிந்துகொண்டே ஆடப் போனார்கள்.

அன்றைய முழு ஆட்டத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். மெம்ஃபிஸ் 19 ஃப்ரீ த்ரோவில் 12. கேன்சஸ் 15-இல் 14. 19-இல் 69 சதவீதம் என்றால் 13. அதாவது நாட்டின் சாதாரண அணி போடுவது போலப் போட்டிருந்தால் இன்னும் ஒன்று. அந்த ஒன்று முதல் நாற்பது நிமிடத்துக்குள் விழுந்திருந்தால் போதும் என்று மேலே சொன்னேன். சாம்பியனாக இருக்க மெம்ஃபிஸ் சிறந்து விளங்க வேண்டிய அவசியமே இல்லை. சுமாராக இருந்திருந்தால் போதும்.

இதற்கு ஒரு பதில் சொல்வார்கள். நியாயமான பதில், மறைக்க மாட்டேன். இறுதிப் போட்டிக்கு முந்தைய இரண்டு ஆட்டங்களில் மெம்ஃபிஸ் ஃப்ரீ த்ரோவை அருமையாகப் போட்டது. டெக்சாஸுக்கு எதிராக 36-இல் 30. யூசிஎல்ஏவுக்கு எதிராக 23-இல் 20. சேர்த்தால் 59-இல் 50. ‘பார்த்தீர்களா, வேண்டிய நேரத்தில் போட்டுவிட்டோம்’ என்று சொல்ல வசதியாக இருந்தது.

எனக்கு அதுதான் சான்று. முயன்றால் அவர்களால் முடியும் என்பதை அந்த இரண்டு ஆட்டமும் காட்டின. அப்படியென்றால் சீசனின் 61 என்பது திறமைக்குறைவு இல்லை, அக்கறைக்குறைவு. நவம்பரிலிருந்து மார்ச் வரை அந்த எண்ணைச் சகித்துக்கொண்டவர்கள் யார்? தவிர, இரண்டு மாதிரித் தேர்வில் நல்ல மார்க் வாங்கியதை வைத்து ஒரு வருடப் பழக்கம் மாறிவிட்டது என்று நினைக்கிற ஆசிரியரை நீங்கள் என்ன சொல்வீர்கள்?

அடுத்து, பெரும்பாலானவர்கள் கவனிக்காத விஷயம். பலவீனம் புள்ளிப் பலகையில் மட்டும் வேலை செய்வதில்லை. எதிராளியின் மனத்திலும் வேலை செய்யும். இரண்டு நிமிடத்தில் ஒன்பது புள்ளி பின்தங்கிய அணி என்ன செய்யும்? வேண்டுமென்றே ஃபவுல் செய்யும். கடிகாரம் நிற்கும், எதிரணி ஃப்ரீ த்ரோ போடும், தவறினால் பந்து நம் கைக்கு வரும். ஃப்ரீ த்ரோவைப் பிசகாமல் போடும் அணியிடம் இது தற்கொலை. ஒவ்வொரு ஃபவுலுக்கும் இரண்டு புள்ளி தாரை வார்க்க வேண்டும். மெம்ஃபிஸிடமோ அது நல்ல முதலீடு. கேன்சஸுக்கு அது தெரியும். நம்பிக்கை விட்டுப்போக வேண்டிய நேரத்தில் அவர்கள் நம்பிக்கையோடு ஆடியதற்குக் காரணம், மெம்ஃபிஸ் கோட்டில் போய் நின்றால் என்ன நடக்கும் என்பதற்குச் சீசன் முழுக்கச் சாட்சி இருந்ததுதான். கதவைத் தாழ் போடாத வீடு என்று ஊருக்கே தெரிந்த பிறகு திருடனைக் குறை சொல்லிப் பயன் என்ன?

‘அவ்வளவு பெரிய ஆட்டக்காரர்களுக்கு இதெல்லாம் தெரியாதா, சரிசெய்ய முடிந்தால் செய்திருக்க மாட்டார்களா’ என்று கேட்பவர்களுக்காக ஒரு பழைய கதை. கதை என்றாலும் நடந்தது.

வில்ட் சேம்பர்லின். இதே கேன்சஸ் பல்கலைக்கழகத்தில் படித்தவர். தொழில்முறை ஆட்டத்தில் 1962 மார்ச் 2 அன்று ஒரே ஆட்டத்தில் நூறு புள்ளி எடுத்தவர். இன்றுவரை யாரும் தொடவில்லை. அந்த ஆட்டத்தில் அவர் 32 ஃப்ரீ த்ரோவில் 28 போட்டார். எப்படி? இரண்டு கையாலும் பந்தைக் கீழிருந்து மேலே, குழந்தையை ஊஞ்சலாட்டுவது போல வீசி. வாழ்நாள் முழுக்கப் பத்துக்கு ஐந்து போட்ட மனிதர் அவர். அந்த முறையில் நூறு புள்ளி கிடைத்தும் அதைக் கைவிட்டுவிட்டார். காரணத்தை அவரே பிறகு ஒப்புக்கொண்டார், அப்படி வீசுவது வெட்கமாக இருந்ததாம். அதே முறையில் வெட்கப்படாமல் வீசிய ரிக் பேரி வாழ்நாள் முழுக்கப் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது போட்டார். ஆனாலும் அவரைப் பின்பற்றியவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

ஆக, வழி தெரியாமல் யாரும் நிற்பதில்லை. எளிய வேலையில் கௌரவம் இல்லை, அவ்வளவுதான். பறந்து போய்க் கூடைக்குள் பந்தைத் திணித்தால் அரங்கம் எழுந்து நிற்கும், தொலைக்காட்சி திரும்பத் திரும்பக் காட்டும். யாரும் இல்லாத மைதானத்தில் தனியாக நின்று இருநூறு ஃப்ரீ த்ரோ போடுகிறவனை யார் பார்ப்பார்கள்? கலிபாரியின் அணி பந்தைத் தட்டிக்கொண்டு நேராகக் கூடையை நோக்கிப் பாயும் ஆட்டத்துக்குப் பேர்போனது. அப்படிப் பாய்ந்தால் எதிராளி ஃபவுல் செய்தே ஆக வேண்டும், ஃப்ரீ த்ரோ கிடைத்தே தீரும். ஃப்ரீ த்ரோவை அறுவடை செய்வதற்கென்றே வகுத்த ஆட்டமுறை, அறுத்ததைக் களஞ்சியம் சேர்க்கத் தெரியாத ஆட்டக்காரர்கள். பயிற்சியே கொடுக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகள் எதை முக்கியம் என்று எடுத்துக்கொள்வார்கள் என்பது பயிற்சி அட்டவணையில் இல்லை, ஆசிரியர் எதற்குக் கவலைப்படுகிறார் என்பதில் இருக்கிறது. நான் சிவப்பு மையில் சுழிக்காத எழுத்துப்பிழையைப் பிள்ளை பிழை என்று நினைக்காது. கோச் வெளியே நின்று ‘அது ஒரு பிரச்சினையே இல்லை’ என்று பேசினால், உள்ளே பையன்களுக்கும் அது பிரச்சினை இல்லை.

இப்போது விலையைப் பேசுவோம். யார் எவ்வளவு கொடுத்தார்கள்?

கலிபாரி 2009-இல் கென்டக்கி பல்கலைக்கழகத்துக்குப் போனார். எட்டு ஆண்டு ஒப்பந்தம், மூன்று கோடி டாலருக்கு மேல். 2012-இல் கோப்பையும் வென்றார், அதுவும் இதே கேன்சஸை 67-59 என்று தோற்கடித்து. திறமையானவர், மறுக்கவில்லை. அன்று கோட்டில் நின்ற பிள்ளைகளுக்கு அந்தக் காலத்தில் சம்பளம் கிடையாது, படிப்புச் செலவும் தங்குமிடமும்தான். தன் பெயரையும் படத்தையும் வைத்து வீரர்கள் சம்பாதிக்கலாம் என்று விதி மாறியது 2021-இல்தான். ரோஸுக்கு வாழ்க்கை வழி விட்டது, அதே ஆண்டு முதல் ஆளாகத் தொழில்முறை அணிக்குத் தேர்வானார், 22 வயதில் அங்கேயே ஆண்டின் சிறந்த வீரரும் ஆனார். டக்ளஸ்-ராபர்ட்ஸுக்கு அப்படி அமையவில்லை. இரண்டாவது சுற்றில் நாற்பதாவது ஆளாகத் தேர்வானார், தொழில்முறை ஆட்டத்தில் நிலைத்து நிற்க முடியவில்லை. அந்தப் போட்டியைப் பற்றிப் பேச்சு வந்தால் அவர் 22 புள்ளி எடுத்தது யாருக்கும் நினைவில்லை.

இன்னும் கொடுமை. ரோஸின் கல்லூரி நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணைத் தேர்வு நடத்தும் அமைப்பு பிறகு செல்லாது என்று அறிவித்தது. அதன்பேரில் 2009-இல் கல்லூரி விளையாட்டுக் கழகம் மெம்ஃபிஸின் அந்த ஆண்டு 38 வெற்றிகளையும் ஏட்டிலிருந்து நீக்கியது. அதாவது, ஏடுகளின்படி அந்த அணி அந்த வருடம் ஜெயிக்கவே இல்லை. வென்றதெல்லாம் அழிந்துவிட்டது, தோற்றது மட்டும் வீடியோவாக உயிரோடு இருக்கிறது. பதினைந்து பையன்களின் ஒரு வருட வியர்வைக்கு மிஞ்சியது அந்தப் பத்து விநாடி.

அதனால்தான் ‘விதி’ என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுப்பதில்லை. விதி என்ற சொல் பெரியவர்களுக்கு மிகவும் வசதியானது. ‘பயந்துட்டான்’ என்பது அதைவிட வசதி. இரண்டையும் சொல்லிவிட்டால், அக்டோபரில் என்ன செய்தாய் என்று யாரும் நம்மைக் கேட்க மாட்டார்கள். பள்ளித் தேர்வு முடிவு வரும்போதும் இதே சொற்கள்தான் வரும்: பையனுக்கு ராசி இல்லை, ஹாலில் பதறிவிட்டான். ஒரு பிள்ளை கடைசி நிமிடத்தில் தவறினால், அந்த நிமிடத்தில் அவன் கை நடுங்கியதா என்று பார்ப்பதை விட்டுவிட்டு, நடுங்கினாலும் தவறாத அளவுக்கு அந்தக் கையை யார் பழக்கினார்கள் என்று கேளுங்கள். பதில் ‘யாரும் இல்லை’ என்றால் மதிப்பெண் பட்டியலில் பெயர் எழுத வேண்டியது அந்தப் பிள்ளைக்கு இல்லை.

கோச் ஆக இருப்பவர்களுக்கு, ஆசிரியராக இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளைகளிடம் எந்த எளிய வேலை ஆறு மார்க்கிலேயே நின்றுகொண்டிருக்கிறது என்று இன்று ஒரு தாளில் எழுதுங்கள். கெட்டிக்காரப் பிள்ளைகளிடம்தான் முதலில் தேடுங்கள், அவர்களிடம்தான் அது மறைந்திருக்கும். மற்றது எல்லாம் பிரமாதமாக இருப்பதால் நாம் அதைப் பார்க்க மாட்டோம்.

நண்பர்களுக்கும் ஒன்று. ஆட்டத்தின் முழுப் பதிவும் யூடியூபில் கிடைக்கிறது. அடுத்த ஏப்ரலில் அந்த வீடியோவைப் பகிர ஆசை வந்தால், தயவுசெய்து 2 நிமிடம் 12 விநாடி மீதி இருக்கும் இடத்திலிருந்து பகிருங்கள். சால்மர்ஸ் வருவதற்கு முன்பே உங்களுக்கு விடை தெரிந்துவிடும்.